பைக்குள் முதல் கை

ஜூன் 19

மழை. கொடியில் போட்ட துணியை இரண்டு தடவை உள்ளே எடுத்து இரண்டு தடவை வெளியே போட்டேன். என் வீட்டுக்காரர் ரால்ஃபின் தங்கை கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து வந்து நான்கு நாளாகிறது. மிதக்கும் பனிமலை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே என்று தினமும் குறை. நான் என்ன, கடலுக்குச் சொல்லி அனுப்பவா? நாளை அவளை நம் ஃபாக்ஸ் ஆர்ம் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். பழைய பள்ளிக்கூடக் கட்டடம்தான். திறந்து மூன்று கோடையாகிறது, நான் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. உள்ளூர்க்காரி எவள் தன் ஊரை டிக்கெட் வாங்கிப் பார்ப்பாள்?

ஜூன் 20

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

உள்ளே போனதும் எங்கள் வீட்டுப் படகு எஞ்சின். அண்ணன் கேலப் இரவல் கொடுத்தது. துடைத்து எண்ணெய் போட்டு நடுவில் வைத்திருக்கிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது. நாத்தனாரிடம் "இது எங்க அப்பாவோடது" என்று சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். குலுக்கல் பை. கான்வாஸ் பையும் பதினேழு செம்புவில்லைகளும். ஒவ்வொரு வில்லையிலும் வலை போடும் இடத்தின் எண். வசந்தத்தில் எல்லோரும் கூடிக் கைவிட்டு எடுப்பார்கள், வந்த எண்தான் அந்த வருடத்து வலையிடம். ஒன்றாம் எண் வந்தவன் வீட்டில் மீன், பதினேழு வந்தவன் வீட்டில் கடன்.

கீழே அட்டை. அப்படியே எழுதுகிறேன்:

"1965, 66, 67 ஆகிய மூன்று ஆண்டுகளும் பை ஹெட்லி பேட்டி வீட்டில் இருந்தது. மூன்று ஆண்டுகளும் ஒன்றாம் வில்லை அவருக்கே வந்தது. குலுக்கலில் சூது நடந்ததாக எஃபி எலியட் சொன்னார். யாரும் அவரை நம்பவில்லை."

என் அப்பா. பெயரும் போட்டு. எழுதியவள் யார் என்று கேட்கவே வேண்டாம். அருங்காட்சியகத்தை நடத்துகிற வெர்னா, எஃபி அத்தையின் மகள், என் வகுப்பில் எனக்குப் பக்கத்து மேஜை.

வாசலில் வருகிறவர்கள் எழுதுகிற புத்தகம். பெயர், ஊர், கருத்து. கருத்தில் 'பொய்' என்று எழுதிவிட்டு வந்தேன். 

ஜூன் 21

தூக்கமில்லை. அப்பா செத்து இருபத்தெட்டு வருடம். அக்கார்டியன் வாசித்தவர். யார் வீட்டுக் கூரை பறந்தாலும் முதலில் ஏணியோடு நின்றவர். எஃபி அத்தை தேவாலய வாசலில் வைத்து அவரைத் திருடன் என்றபோது ஊரே அவளைத்தான் ஒதுக்கியது. அவள் வீட்டில் யாரும் தேநீர் குடிக்கவில்லை. அவள் புருஷன் லெவி மாமாவுக்கு மூன்றாம் வருடமும் பதினேழு வந்தது. பெருநிலத்து இரும்பு ஆலைக்குப் போனார், போனவர் போனவர்தான். அதற்கு என் அப்பா என்ன செய்வார்?

அப்பாவுக்குச் சூது வராது. அவரிடம் இருந்ததெல்லாம் குழந்தைத்தனமான நம்பிக்கைகள். எனக்கு ஆறு வயது, அந்த 67ஆம் வருடக் குலுக்கல். காலையில் ஒரு காசை என்னிடம் தந்து, "பனிக்குள்ள பொதச்சு வை கண்ணு, உன் கைதான் ராசி" என்றார். பள்ளிக்கூட வாசலில் நான் கழற்றிய கையுறையில் பனியை அடைத்து, அதற்குள் அதை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகும்போது வாங்கிக்கொண்டார். ஒன்றாம் எண்ணோடு வெளியே வந்து என்னைத் தோளில் தூக்கி வைத்தார். ஒரு பை நிறையப் பெப்பர்மின்ட். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இந்தக் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை.

இவர் சூதுக்காரராம். சொல்கிறவளைப் பார்.

ஜூன் 27

வெர்னாவிடம் போனேன். ரால்ஃப் காரிலேயே உட்கார்ந்துகொண்டார், புத்திசாலி.

"அட்டைய எடு."

"அதுல எது தப்பு, சொல்லு. மூணு வருஷம் பை உங்க வீட்ல இருந்துச்சா இல்லையா? மூணு வருஷமும் ஒண்ணு வந்துச்சா இல்லையா? அம்மா சொன்னாளா இல்லையா?"

"உங்கம்மா வாய்க்கு வந்ததச் சொன்னா."

"சொன்னான்னுதான் போட்டிருக்கேன். நடந்துச்சுன்னு போடல. எங்கம்மாவுக்கு தொண்ணூறு. அவ சொன்னதுன்னு இந்த ஊர்ல அது ஒண்ணு இருக்கட்டும்னு போட்டேன்."

"மனுஷன் செத்து மண்ணாயிட்டாரு, வெர்னா."

"எங்கப்பாவும்தான். அவரு மண்ணு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நியாயமான குலுக்கல்னு எழுத்துல ஏதாவது இருந்தாக் கொண்டா. இந்தக் கரையோரம் பூராவும் பழைய காகிதம் கிடக்குது. கொண்டுவந்தா நானே அத இங்க மாட்டுறேன்."

கொண்டுவருகிறேன். பார்த்துக்கொள்.

ஜூலை 3

கேலப்புடன் போனில். அவன் ஆல்பர்ட்டாவில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறான்.

"விட்டுத் தொலையேன் யூனிஸ். கிணறு வெட்டப் போய் பூதம் வரப்போகுது."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

ஜூலை 8

கேப் டன்ஸ்டன் கலங்கரை விளக்கம். இரண்டரை மணி நேரம், பாதி வழி மூடுபனி, மூன்று காட்டுமான். அங்கே உள்ள காட்சிக்கூடத்தில் விளக்குக் காவற்காரரின் பழைய தினக்குறிப்பு இருக்கிறது. காற்று, பனி, கப்பல், காற்று, பனி, கப்பல். குலுக்கலைப் பற்றி ஒரே வரி: "ஃபாக்ஸ் ஆர்மில் குலுக்கல். பேட்டிக்கு மறுபடியும் முதலிடமாம்." அந்த 'மறுபடியும்' எனக்குப் பிடிக்கவில்லை. நகல் எடுக்கவில்லை.

ரால்ஃப் அங்கே வெல்லப்பாகு ரொட்டி மூன்று சாப்பிட்டார். ஒவ்வொரு கூடத்திலும் ரொட்டிக்கு மதிப்பெண் போடுகிறாராம்.

ஜூலை 15

லூன் பைட் ஊர். பழைய மருத்துவ நிலையம், இப்போது காட்சிக்கூடம். பல் பிடுங்கும் குறடு, பிரசவப் பை, மெழுகு நர்ஸ் ஒருத்தி. மெழுகு நர்ஸின் விக் பக்கவாட்டில் நழுவியிருந்தது. அங்கே இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். எல்லா ஊரிலும் இதே பெட்டிகள், இதே வலை, இதே துருப்பிடித்த கொக்கி. நாங்கள் உயிரோடு இருக்கும்போதே எங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டார்கள்.

காகிதம் ஒன்றும் கிடைக்கவில்லை. ரொட்டிக்குப் பத்துக்கு நான்கு.

ஜூலை 24

ஒரு வழியாக முடித்துவிட்டேன். அருங்காட்சியகக் கமிட்டிக்குக் கடிதம் போட்டிருந்தேன்: அட்டை இருந்தால் எஞ்சின் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த எஞ்சினை ஓட்டிக் காட்டுவதற்குத்தான் சுற்றுலாப் பேருந்தே நிற்கிறது. ஒன்பது பேர் கூடி வாக்கெடுத்து, எட்டுக்கு ஒன்று. அட்டையை எடுத்துவிட்டார்கள்.

வெர்னா பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்து, மேஜை இழுப்பறையில் வைத்து மூடினாள். அட்டை இருந்த இடத்தில் துணி மட்டும் அழுந்திச் சதுரமாகத் தெரிகிறது.

ஜூலை 29

கடையில் எஃபி அத்தை, மாவு அடுக்கின் பக்கத்தில். கைத்தடி, ரப்பர் பூட்ஸ். நான் திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் கண்டுவிட்டாள்.

"எடுத்துட்டாங்களாமே."

"ஆமா அத்தை."

"அம்பது வருஷம் கழிச்சு என் பேர எழுத்துல பாத்தேன். அஞ்சு வாரம் இருந்துச்சு." முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், உடைந்திருக்கிறதா என்று. "உனக்கு நிம்மதியா?"

"இருக்கு."

"நல்லாரு."

அஞ்சு வாரமா? நான் பார்த்த அன்றைக்கு அப்போதுதான் வைத்திருந்தார்களா? போகட்டும். எனக்கு நிம்மதிதான். ஆனால் எடுத்தது மட்டும் போதாது. 'ஹெட்லி பேட்டி நேர்மையானவர்' என்று அதே இடத்தில் ஓர் அட்டை வர வேண்டும். ஸ்மோக்கி டிக்கிளில் ஒரு கூடம் பாக்கி இருக்கிறது.

ஆகஸ்ட் 12

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

ஸ்மோக்கி டிக்கிள் கூடம் ஒரு பழைய உப்புக் கிடங்கு. நடத்துகிறவர் ஒபடையா, எழுபதுக்கு மேலிருக்கும், முன்பு மீன்பிடித்தவர். அங்கேயும் ஒரு குலுக்கல் பை, செம்புவில்லைகள். பக்கத்தில் ஒரு எனாமல் சட்டி.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சுடுதண்ணிக்கு. குலுக்கலுக்கு முன்னாடி எல்லார் கண்ணு முன்னாலயும் வில்லைங்கள அதுல போட்டு எடுப்போம். அப்புறம்தான் பைக்குள்ள."

"எதுக்குன்னு கேக்குறேன்."

"எல்லாம் ஒரே சூடா இருக்கணும்ல, அம்மா. இல்லேன்னா எவனாவது ஒண்ணாம் நம்பர மட்டும் வெளிய பனியில போட்டு வச்சு, கடைசி நிமிஷத்துல உள்ள விட்டுருவான். பைக்குள்ள கை விட்டா சில்லுன்னு இருக்குறது எதுவோ அதான். கண்ணே வேண்டாம். எங்க தாத்தா காலத்துல ஒருத்தன் பண்ணிருக்கான். அதுலருந்து சட்டி." அவர் சிரித்தார். "பை வச்சிருக்கவன்தான் முதல்ல கை விடணும், உள்ள முள்ளு இல்லன்னு காட்ட. அவனுக்குத்தான் லேசு. உங்க ஊர்ல சட்டி இல்லையோ?"

இல்லை. எங்கள் ஊரில் சட்டி இல்லை.

ரால்ஃப் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு கிறிஸ்மஸ் கேட்ட கதை அவருக்கு.

காசு இல்லை அது. காசில் ஓட்டை இருக்காது. நான் கையுறைக்குள் சுண்டுவிரலை அந்த ஓட்டையில் விட்டு விட்டு விளையாடினேன். இவ்வளவு வருடமும் அந்த ஓட்டை எனக்கு நினைவிருந்தது. வில்லைகளில் ஓட்டை இருக்கிறது, கயிற்றில் கோக்க. ஜூனில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேனே. எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாமல்தான் போயிற்றா?

ஆகஸ்ட் 13

அவர் என் கையை வைத்துச் செய்தார். ஆறு வயசுடா பாவி, ஆறு வயசு.

ஆகஸ்ட் 20

கேலப்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. முந்தின ரெண்டு வருஷம் பனியில வச்சது நான்தான். மூணாம் வருஷம் முடியாதுன்னேன், பெல்ட்டால அடிச்சாரு. அப்புறம்தான் உன்னக் கூப்பிட்டாரு."

"ஏன்டா சொல்லல?"

"எப்பச் சொல்றது? ஒவ்வொரு கிறிஸ்மஸும் நீயே அந்தக் கதைய ஆரம்பிச்சிருவ. ராசிக் கை, பெப்பர்மின்ட். நானும் அம்மாவும் தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்."

அம்மாவும்.

செப்டம்பர் 4

எஃபி அத்தை வீட்டு வாசல்வரை போனேன். ஜன்னலில் விளக்கு. கையில் ஜாம் பாட்டில் வேறு. ஜாமைக் கொடுத்துவிட்டு, "அத்தை, நீங்கள் சொன்னது உண்மை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாய் குரைத்தது. திரும்பிவிட்டேன். நாய் மேல் பழி.

செப்டம்பர் 30

சீசன் முடிந்து அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள். சொன்னாலும் இனி அட்டையை எங்கே வைப்பது? ஜூனில் திறந்ததும் முறையாகச் செய்துவிடலாம். அதுதான் சரி.

டிசம்பர் 25

நான் கதை சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஜனவரி 17

தபால் நிலையம் போகிற வழியில் எஃபி அத்தை ஜன்னலில் கை தூக்கினாள். நானும் தூக்கினேன். ரால்ஃப், "நிப்பாட்டட்டுமா?" என்றார். தபால் நிலையம் மூடிவிடும் என்றேன். மணி பதினொன்று.

பிப்ரவரி 9

இன்றும் போகவில்லை.

மார்ச் 11

எஃபி அத்தை காலையில் போய்விட்டாள். நியுமோனியா. மண் உறைந்து கிடக்கிறது, மே மாதம்தான் புதைப்பார்கள்.

நான் சாவு வீட்டுக்குச் சாண்ட்விச் செய்தேன். வேறு என்ன செய்வேன் நான்.

ஜூன் 12

இன்று அருங்காட்சியகம் திறந்தது. பத்து மணிக்கு நான்தான் முதல் ஆள். கையில் அட்டை, நானே எழுதியது:

"ஹெட்லி பேட்டி ஒன்றாம் வில்லையைப் பனியில் குளிர வைத்துப் பைக்குள் போட்டு, தொட்டு எடுத்தார். 1967இல் அதைப் பனியில் வைத்தவள் நான், அவர் மகள் யூனிஸ். எஃபி எலியட் சொன்னது உண்மை."

வெர்னா இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்ல." அவள் விரல்விட்டு எண்ணினாள், என் முகத்துக்கு நேராக. "ஏழு மாசம். எங்கம்மா ஏழு மாசம் அந்த ஜன்னல்லதான உக்காந்திருந்தா. நீ வாரம் ரெண்டு தடவ அந்த வழியாத்தான தபாலுக்குப் போவ."

"ஆமா."

"அவ காது கேட்டுச்சு. கடைசி நாள்வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு."

 அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இழுப்பறையிலிருந்து பழைய அட்டையை எடுத்து அந்தச் சதுரத்தில் வைத்தாள், கீழே என்னுடையதை வைத்தாள், பூட்டினாள். "எஞ்சின எடுத்துட்டுப் போறதுன்னாப் போ" என்றாள். வேண்டாம் என்றேன். "அப்ப புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ. எல்லாரும் போடணும்."

அதே புத்தகம்தான். பக்கத்தைத் திருப்பும்போது போன கோடையின் தாள் வந்தது. ஜூலை 30, நான் கடையில் அவளைப் பார்த்ததற்கு மறுநாள். நடுங்கும் கையெழுத்து. பெயர்: எஃபி எலியட். ஊர்: இதுதான். கருத்து: பார்க்க ஒன்றுமில்லை.

என் பெயரை எழுதினேன். ஊரை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பின்னால் பேருந்து வந்து நின்று ஆட்கள் இறங்கினார்கள். வெர்னா, "வழி விடு யூனிஸ்" என்றாள். விட்டேன்.