அண்ணன் மகளோடு ஒரே வகுப்பில்

ஜூலை 2, 2025

வாங்க, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா? இந்த நோட்டை யார் திறந்து பார்க்கப் போகிறார்களோ தெரியாது. ஆனாலும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறதாக நினைத்தால்தான் எனக்குப் பேச்சு வரும். தினமும் ஏதாவது எழுதுங்கள் என்று கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுக்கிற அபர்ணா மேடம் சொல்லியிருக்கிறார். "நான் திருத்த மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். உங்களுக்காக எழுதுங்க" என்றார்.

நான் சங்கரேஸ்வரி. வயது நாற்பத்து நாலு. பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். பத்தும் பன்னிரண்டும் வீட்டில் இருந்தே எழுதிப் பாஸானேன். இப்போது தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிற சின்னக் கல்லூரியில் முதல் வருஷம். எங்கள் வகுப்பில் மொத்தமே பதினோரு பேர். நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார வைக்கிறார்கள். இலக்கியம், சரித்திரம், படம் வரைவது எல்லாம் எல்லாருக்கும் உண்டு.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி ஜெயபிரியா. என் அண்ணன் பாண்டித்துரையின் மகள். இலத்தூரில் இருந்து பஸ்ஸில் வருகிறாள். என்னைப் பார்த்ததும் "அத்தை! நீங்களா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தற்செயலாக நடந்தது என்று நினைத்துக்கொண்டாள், பாவம். அவள் இங்கே சேர்ந்தாள் என்று தெரிந்த பிறகுதான் நான் பேர் கொடுத்தேன்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் அப்பா செத்த வருஷம் அது. வகுப்பில் எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் வந்து நின்றான். "பொட்டப்புள்ள படிச்சது போதும் சார், வீட்டுல வேலை கெடக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பையன்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் மேலே படித்தான்.

அவன் மகளை முந்தி நான் முதல் ரேங்க் வாங்க வேண்டும். வருஷக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிடுவார்களாம். அவன் முன்வரிசையில் உட்கார்ந்து என் பேரைக் கேட்க வேண்டும். அந்த முகம் சுருங்குகிறதை நான் மேடையில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பு.

ஜூலை 4

மேடத்திடம் கேட்டேன்.

"இங்க ரேங்க் கிடையாதும்மா."

"மார்க்காவது?"

"அதையும் வெளிய சொல்ல மாட்டோம். உங்க எழுத்தைப் பத்தி நீங்களும் நானும் உக்காந்து பேசுவோம்."

"அப்போ யாரு ஜெயிச்சான்னு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கா இத்தனை வருஷம் அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன்?

ஜூலை 9

ஜெயபிரியா எனக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். அதில் நான் உட்காரவில்லை.

ஜூலை 17

இன்றைக்கு எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார்கள். நல்ல சாரல். சாரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்கு நாலு துளி விழுந்தால் போதும், மிளகாய் பஜ்ஜி வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகுதான் கடலைமாவு இல்லை என்று தெரியும். வாங்கப் போகிற மனுஷன் கடையில் நின்று ஊர்க்கதை பேசிவிட்டு, மழை விட்ட பிறகு வெறுங்கையோடு வருவார். சரி, அது கிடக்கட்டும்.

இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, அருவிக்கரையில் யாராவது ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்டு எழுத வேண்டும். பதினோரு பேரில் தனியாக மிஞ்சியது நான். ஜெயபிரியாவோடு அல்தாபைச் சேர்த்துவிட்டார்கள். கடையநல்லூர்ப் பையன். வாயைத் திறந்தால் கேலிதான். என் பையில் இருந்த பிஸ்கட்டை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓடியது. "விடுங்க அத்தை, அதுவும் நம்ம காலேஜ்ல சேரணுமாம்" என்றான். ஜெயபிரியா கூப்பிட்டுக் கூப்பிட்டு, வகுப்பு முழுக்க எனக்கு அத்தை என்றே பேராகிவிட்டது.

ஜூலை 21

இன்றைக்கு எல்லாரும் வாசித்தோம். நான் வாசிக்கும்போது ஒருத்தர் இருமினார், ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார்.

ஜெயபிரியா ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். குளிக்கப் போகிற பெண்களின் துணிப்பைகளைக் காவல் காக்கிற அம்மா. பிறந்ததில் இருந்து அங்கேதான் இருக்கிறாளாம், அருவியில் ஒரு தரம்கூடத் தலை நனைத்ததில்லையாம். அவள் வாசித்து முடித்த பிறகும் யாரும் பேசவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பேசாமல் இருந்த நேரம் எனக்கு வர வேண்டியது. இவள் அப்பன் பறித்தது. இப்போது இவள் அனுபவிக்கிறாள்.

ஜூலை 27

ஞாயிற்றுக்கிழமை. இலத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஜெயபிரியா கோயிலுக்குப் போயிருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன் ஆரம்பித்தான்.

"வாங்க காலேஜ் பொண்ணு! பல்லு விழுகுறதுக்குள்ள பாஸாயிருவியா?"

மதினியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"எம்மவ எப்படிப் படிக்கா?"

"நல்லாத்தான் படிக்கா. பத்து நாளைக்கு முந்திகூட அருவிக்கரையில அல்தாப் கூடத்தான் நின்னுக்கிட்டு இருந்தா."

"அது யாரு?"

"கூடப் படிக்கிற பையன். கடையநல்லூர்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அண்ணன் கை சோற்றில் அப்படியே நின்றது. முகம் சுருங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு கை ரசம் வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 28

ஜெயபிரியா வரவில்லை.

ஜூலை 30

இன்றைக்கும் வரவில்லை. "அத்தை, அவ போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. காய்ச்சலா?" என்று அல்தாப் கேட்டான். "இருக்கும்" என்றேன்.

ஆகஸ்ட் 1

மதினி போன் போட்டாள். "உங்கண்ணன் பிள்ளையோட போனப் புடுங்கி வச்சிட்டாரு. ஆவணி பொறந்ததும் வீரகேரளம்புதூர்ல இருந்து பொண்ணு பாக்க வாராங்க. அவ அழுதுக்கிட்டே கெடக்கா. படிக்கட்டுமேன்னு கேட்டேன். பொட்டப்புள்ள படிச்சது போதும்னுட்டாரு. நீ வந்து சொன்ன பொறவுதான் சங்கரி இம்புட்டும்."

அதே பேச்சு. ஒரு எழுத்து மாறலியே!

அன்னைக்கு என்னைய இழுத்துட்டுப் போக அவன் ஒருத்தனே போதும். இன்னைக்கு நான்லா கூட நின்னு இழுத்திருக்கேன்? அவனுக்குன்னு ஓங்குன கை யாரு மேல விழுந்திருக்கு? அந்தப் பிள்ள எனக்கு நாற்காலி பிடிச்சு வச்சவ. சோறு எறங்கல. என் வாயை வச்சே ரெண்டாவது தடவையும் ஜெயிச்சுட்டான் படுபாவி. விட மாட்டேன். லே பாண்டித்துரை, விடவே மாட்டேன்லே.

ஆகஸ்ட் 3

இலத்தூருக்குப் போனேன். அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. "அந்தப் பையனுக்கும் இவளுக்கும் ஒண்ணும் கெடையாதுண்ணே. வாத்தியாரம்மா சொல்லித்தான் ஒண்ணாப் போனாங்க" என்று கம்பி வழியாகவே சொன்னேன். "மொதல்ல சொன்னியே, அது போதும் எனக்கு" என்று உள்ளே போய்விட்டான்.

ஆகஸ்ட் 4

அல்தாபிடம் நான் செய்ததைச் சொன்னேன். அவன் கேலி பேசவில்லை. எழுந்து போய்விட்டான்.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. வீரகேரளம்புதூர்க்காரர்கள் வருகிற நேரம் பார்த்து, வெற்றிலை, பழம், பூவோடு தட்டு தூக்கிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் போனோம். கேட் திறந்து கிடந்தது. நேரே கூடத்துக்குப் போய் நடுவில் தட்டை வைத்தேன்.

"எல்லாரும் வாங்க. நான் பொண்ணோட அத்தை. எம்மவன் மாரிச்செல்வம் திருப்பூர்ல வேலை பாக்கான். மொற எங்களுக்கு. எங்கள ஒரு வார்த்தை கேக்காம எங்க அண்ணன் உங்கள அலைய வச்சிட்டான், மன்னிச்சுக்கிடுங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "அத்தை வீட்டுல மாப்பிள்ள இருக்கும்போது எங்கள எதுக்குய்யா வரச்சொன்னீரு?"

"அண்ணாச்சி, இவ படிக்கப் போனதுல இருந்து கிறுக்குப் பிடிச்சு அலையுதா" என்றான் அண்ணன்.

"கிறுக்குத்தான். எம்மவனுக்கு வேண்டாம், வேற எடம் பாருங்கன்னு இந்தக் கிறுக்கி சொன்னாளா? சொல்லலியே!"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினான். "அப்போ இந்த ஆவணியிலயே ஒம்மவனுக்குக் கட்டு. பாப்போம்."

"எம்மவனுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளைய நாங்க படிக்க வைக்கோம். இப்பவே அனுப்பு."

கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். "அத்தை உரிமையோட கேக்குதா, அனுப்பு பாண்டி" என்றார் சித்தப்பா. அத்தனை பேருக்கு முன்னால் அவன் என்ன பேசுவான்? மதினி உள்ளே போய் மகளின் துணியை அள்ளிப் பையில் திணித்தாள். அவ்வளவு வேகமாக அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார். "ஏட்டி, மாரிச்செல்வத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

ஆகஸ்ட் 18

மகன் போன். "எம்மா, எனக்குப் பொண்ணு பேசி முடிச்சிட்டியாமே!"

"முடிக்கலலே. மொற கேட்டு வச்சிருக்கேன். மூணு வருஷம் வாயத் தொறக்காத. அவ படிச்சு முடிச்சதும் வேண்டாம்னு சொல்லிரு."

"இப்பவே வேண்டாம்மா."

"இப்போ சொன்னேன்னா, வீட்டுப் பக்கம் வந்துராத."

ஆகஸ்ட் 19

ஜெயபிரியாவிடமும் அதைச் சொன்னேன், கல்யாணமெல்லாம் இல்லை, பயப்படாதே என்று. தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்பாட்ட சொன்னது நீங்கதான?"

"ஆமா."

"எதுக்கு அத்தை?"

வாய்ப்பாடு சொன்ன நாளில் இருந்து எல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டாள். "அப்பாவை அடிக்க நான்தான் கெடச்சனா?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 12

ஜெயபிரியா அன்றைக்கு மூடிய வாய், என்னிடம் இன்னும் திறக்கவில்லை. எது வேண்டுமென்றாலும் மாமாவிடம், எங்கள் வீட்டுக்காரரிடம்தான், சொல்கிறாள், அவர் என்னிடம் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் மெலிந்துவிட்டார். வகுப்பில் எனக்கு நேர் எதிரே உட்காருகிறாள். அல்தாப் அவள் பக்கத்தில். படிப்பில் என்னை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டாள். போகட்டும். வன்மத்தில் மட்டும் என்னை மாதிரியே இருக்கிறாள்.

நேற்று தென்காசி மார்க்கெட்டில் அண்ணனைப் பார்த்தேன். "மக தங்கச்சி வீட்டுல இருந்து காலேஜ் போறாளாமே, நல்லாப் படிக்காளாமே" என்று காய்கறிக்காரர் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்தவன் என்னைப் பார்த்தான். பார்த்ததும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சொல்கிறேன், கேளுங்க. நான் நின்றது முருங்கைக்காய்க்காரி பக்கத்தில், அவள் இருக்கிறாளே, எடை போடும்போது பேச்சுக் கொடுத்தே —

யாரோ கூப்பிடுகிறார்கள். வாசலில் இருந்து.

"அத்தை, பஸ்ஸு வந்துட்டு! இன்னும் என்ன எழுதுதீங்க?"

மாமா வேலைக்குப் போயாச்சு. என்னைத்தான் கூப்பிடுகிறாள். பொறு தாயி, வந்துட்டேன். என்ன சொன்னேன், அண்ணன் முகமா? அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு