இலைக்கிண்ணத்துத் தண்ணீர்

செவ்வாய், ஆகஸ்ட் 12. இரவு.

கீழ்வீட்டுப் பல்லவியின் மகளுக்கு டெங்கு. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். மாலையில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் செல்வம் என் பால்கனிக்கே வந்துவிட்டார். என் புரோமிலியாட் செடிகளில் கொசு வளர்கிறதாம், எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டுமாம்.

இவை அன்னாசியின் உறவுகள். அன்னாசி மண்ணை நம்பும். இவை இலைகளின் நடுவில் கிண்ணம்போல் மழைநீரைத் தேக்கிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைத்தான் அவர் காட்டினார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“பாட்டனி லெக்சரர் வீடுன்னா கொசு பயந்து ஓடிடுமா மேடம்?”

“மொதல்ல கீழ நம்ம தண்ணித் தொட்டி, அந்த சம்ப்பைத் திறந்து பாருங்க சார்” என்றேன். படியிறங்கிப் போய்விட்டார்.

பிறகு ஒவ்வொரு செடியிலிருந்தும் சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்த்தேன். பலவற்றில் ஒன்றுமில்லை. மூலையில் இருந்த இரண்டில் புழுக்கள் நெளிந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொசுப்புழுதான்.

எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினேன். புழுக்களை மட்டும் ஒரு பாட்டிலில் மூடி வைத்திருக்கிறேன். செடிகளை எறியப் போவதில்லை. வாரம் இரண்டு முறை கவிழ்த்துப் புதுத் தண்ணீர் விட்டால், புழு கொசுவாக மாற அவகாசம் இருக்காது. ஆனால் நாளை காலேஜுக்குக் கிளம்பும் முன், பாட்டிலோடு போய்ச் செல்வத்திடம் நானே சொல்வேன். பல்லவியிடமும்.

பல்லவியின் மகளைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அது உண்மைதான். அதை மட்டும் ஒரு சாக்காக இருவரிடமும் சொல்லமாட்டேன்.