காய்க்கு வெளிச்சம் ஆகாது

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில இருந்து தூறல். மேற்கே மலையே தெரியலை. ஜீப் மத்தியானம்தான் இறங்குச்சு. ஒன்பது மூட்டை ஏலக்கா, ஈரம் இல்லை, நல்ல பச்சை. மாடிக்கு ஏத்தியாச்சு. நடு ரூம் நிறைஞ்சுபோச்சு. மீதி மக பெனி ரூமுக்கு.

செய்ய வேண்டியது: கறுப்பு பாலிதீன் ஒரு ரோல். கிறிஸ்துமஸ் வெள்ளையடிப்புக்கு ஆள் சொல்லணும், முன்பக்கம் மட்டும், மாடிக்குள்ள வேண்டாம். கரண்ட் பில். வீட்டுக்காரி எஸ்தருக்குத் தைலம்.

சாயங்காலம் மதுரையில இருந்து மக போன். தேனியில ஒரு ஸ்கூல்ல வேலை உறுதி, கணக்கு டீச்சர், ஜனவரியில சேரணும். எஸ்தர் உடனே ஜெபத்துக்கு முழங்கால் போட்டுட்டா. எனக்கும் சந்தோசம்னா அப்படிச் சந்தோசம். காலையில ஏழரை பஸ், சாயங்காலம் அஞ்சரைக்கு வீடுன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன். அஞ்சு வருசம் மதுரை ஹாஸ்டல் சோறு தின்ன பிள்ளை, இனிமே வீட்டோட.

அப்புறம் சொல்றா: "தேனியிலயே லேடீஸ் ஹாஸ்டல் பார்த்துட்டேன்ப்பா."

போடிக்கும் தேனிக்கும் நடுவுல என்ன கடலா கிடக்கு? போனை எஸ்தர் கையில கொடுத்துட்டு எந்திரிச்சுட்டேன். சாப்பிடலை.

டிசம்பர் 10, புதன்

தூறல் விட்டுருச்சு. பனி. காலையில வழக்கமான இருமல், எனக்குத்தான், பத்து நிமிசம்.

பிள்ளை ஏன் வீட்டுக்கு வரமாட்டேங்குது? யோசிச்சது:
1. பையன் யாராவது. (எஸ்தர் இல்லைங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்.)
2. அம்மாகூட மனத்தாங்கல்.
3. என் வாய்.
4. மதுரை ருசி கண்டுருச்சு.

மூணாவதாத்தான் இருக்கும்னு எஸ்தர் சொல்றா. சொல்லிட்டு நெத்தியில தைலம் தேய்க்கிறா. இவளுக்கு இல்லாத தலைவலி உண்டா.

பஜார்ல கேட்டா என்ன சொல்ல? அப்பன் வீடு அரை மணி நேரத்துல இருக்கு, மக ஹாஸ்டல்ல கிடக்கு. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாக.

டிசம்பர் 11, வியாழன்

துரைராஜ் கடைக்கு வந்தான். அவனும் ஏலக்கா வியாபாரம்தான், பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டாளி. மாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஜூன் மாசக் காயைப் பிரிச்சுக் காட்டினேன். உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏலே, நேத்துப் பறிச்சது மாதிரி இருக்கேடா. எப்படிடா?"

எப்படியா. காய்க்கு வெளிச்சம் ஆகாது, பச்சை வெளுத்து வைக்கோல் மாதிரி ஆயிரும். காத்தும் ஆகாது, ஈரத்தை இழுத்துக்கும். கீழ குடோன்ல தரையில ஓதம், ஈரம் கசியும், திருட்டுப் பயம் வேற. அதனால ஏழு வருசமா மூட்டை மாடியில, எங்ககூடத்தான். ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்பக்கம் கறுப்பு பாலிதீன் அடிச்சு, மேல பலகை. பட்டப்பகல்ல லைட் போட்டுத்தான் சாப்பிடுவோம். போடியில எவன் வீட்டுலயும் இந்தப் பச்சை கிடையாது. துரைராஜ் போறப்ப என் கையைக் குலுக்கிட்டுப் போனான்.

டிசம்பர் 13, சனி

பெனி வந்துட்டா. ரயில். ஸ்டேசனுக்கு நானே போனேன். ரெண்டு பேரும் ஹாஸ்டல் பேச்சு எடுக்கலை. ஆளு தெளிச்சியா இருந்தா, பையை நான் கேட்டும் கொடுக்காம அவளே தூக்கிட்டு வந்தா.

வீட்டுல மீன் குழம்பு. சாப்பிட்டு முடிக்கல, தும்மல் ஆரம்பிச்சுருச்சு. "ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து வந்திருப்ப"ன்னேன். தலையாட்டினா. அவ ரூம்ல மூட்டை போக கட்டிலுக்கு மட்டும் இடம் இருக்கு. ஒருக்களிச்சுத்தான் உள்ள போகணும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பிள்ளைக்கு ராத்திரி பூரா மூச்சு இழுப்பு. சுவத்துக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்டுச்சு. மதுரைப் புழுதின்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.

காலையில ஆராதனை. பாடகர் குழுவோட போய் நின்னா. வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன். நாலு பாட்டு பாடினா, ஒண்ணுலயும் மூச்சு வாங்கலை. நான் பின்பெஞ்சுல உக்காந்து அவளையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன், பிரசங்கம் ஒண்ணும் ஏறலை. விடிய விடிய இழுத்த பிள்ளை இங்கன எப்படிப் பாடுது?

வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம், மறுபடியும் இழுப்பு. வெந்நீர் எடுத்துட்டுப் போனா, கையில இன்ஹேலர். என்னைப் பார்த்ததும் முந்தானைக்குள்ள மறைக்கிறா.

"எத்தனை நாளா இது?"

"மூணு வருசமாப்பா."

"மதுரையிலயும் இப்படித்தானா?"

"அங்கன தேவைப்படலை. வீட்டுக்கு வரும்போது மட்டும் எடுத்துட்டு வருவேன்."

ஏன் சொல்லலைன்னு கத்திட்டேன். அவ கத்தலை. "சொன்னேன்ப்பா. இந்த வாடை சேரலைன்னு ப்ளஸ் டூ படிக்கும்போதே சொன்னேன். 'இந்த ஏலக்காதான் உன்னைப் படிக்க வைக்குது'ன்னீக."

சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்லை, ஆனா அது என் பேச்சுதான்.

எஸ்தருக்கு இன்ஹேலர் விசயம் தெரியுமாம். ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சிருக்காக. கோவம். அவுக மேல பாதி, என் மேல பாதி. ஹாஸ்டல் எதுக்குன்னு இனிமே கேக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 15, திங்கள்

மூணு பேரும் தேனிக்கு. நல்ல வெயில். பஸ்ல பெனி நல்லா இருந்தா.

லேடி டாக்டர், சின்ன வயசு. வீட்டுல நாய், பூனை, சிகரெட் எல்லாம் கேட்டாக. "எதுவும் கிடையாது, நாங்க சுத்தமான குடும்பம்"னேன்.

"வீட்ல எத்தனை ஜன்னல்?"

"பதினொண்ணு. எல்லாம் தேக்கு." வீடு கட்டும்போது நானே பக்கத்துல நின்னு இழைக்க வச்சது.

"அதுல தினமும் எத்தனை திறப்பீங்க?"

பெனிதான் சொன்னா, அடுப்படியில ஒண்ணுன்னு. ஏன்னு டாக்டர் கேட்டாக. நான் பச்சையைப் பத்தி விளக்கினேன், அஞ்சு நிமிசம் இருக்கும். வெளிச்சம், காத்து, ஈரம், எல்லாம். பொறுமையாக் கேட்டாக.

"காய் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு டாக்டர்."

"சரி"ன்னுட்டு எழுத ஆரம்பிச்சாக.

நாலு பேர் முன்னால கன்னத்துல அடி வாங்கின மாதிரி இருந்துச்சு. அந்தம்மா அப்படி நினைச்சுச் சொல்லலை, அது எனக்கும் தெரியுது. மருந்து மட்டும் போதாதாம். சாக்குத் தூசி, அடைச்ச ரூம், ஓதம் எல்லாமே மூச்சுக்குழலைச் சுருக்குமாம். முதல்ல ரூமைச் சரி பண்ணுங்கன்னாக. கிளம்பும்போது எஸ்தரைப் பார்த்து, "உங்களுக்குத் தலைவலி உண்டாம்மா?"ன்னாக. எஸ்தர் என்னைப் பார்த்தா. பதில் சொல்லக்கூட என் முகத்தைப் பார்க்கிறா.

டிசம்பர் 16, செவ்வாய்

மொட்டை மாடியில பேச்சியம்மாவும் மத்தவகளும் காய் பொறுக்குறாக, தரம் பிரிக்க. பேச்சியம்மா கடை ஆரம்பிச்சதுல இருந்து இருக்கு. சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், உள்ள ரூம்ல வாடை அடிக்குதான்னு.

"அது என்ன மொதலாளி இப்பக் கேக்குறீக? நாங்க மூட்டை எடுக்கப் போறப்ப மூச்சை அடக்கிட்டுத்தான் போவோம். எடுத்ததும் ஓடியாந்துருவோம். இல்லைன்னா தலை கிறுகிறுங்கும்."

"இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நாங்கதான் வெளிய வந்துருவோமே."

சாப்பிட்டுட்டு பெனி ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அவ கட்டில்ல படுத்தேன். அரை மணி நேரம். தலகாணியில இருந்து ஒரு முழத்துல மூட்டை. சுவர் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. காத்தாடி போட்டா சாக்கு நார் பறக்குது, லைட் வெளிச்சத்துல பார்த்தேன். கொஞ்ச நேரத்துல என் காலை இருமல் மத்தியானமே வந்துருச்சு. ஏலக்கா வாடை மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. மூக்கு செத்துப் போயிருக்கு. பயமாத்தான் இருந்துச்சு.

டிசம்பர் 17, புதன்

முடிவு பண்ணிட்டேன். பெனி ரூம்ல இருந்த பதிமூணு மூட்டையும் எங்க ரூமுக்கு மாத்தியாச்சு. கட்டிலைச் சுவரோட தள்ளி, மீதி இடத்துல ரெண்டு அடுக்கு. வேர்த்து விறுவிறுத்து, பெரிய தியாகம் பண்ணின நினைப்புல பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்தா. "அப்ப அம்மாவுக்கு?"

சத்தியமா அது தோணவே இல்லை. எஸ்தர் கதவுகிட்ட நின்னா. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருசத்துல என்னை எதுத்து ஒரு வார்த்தை சொன்னவ இல்லை.

"இருட்டுல வச்சாக் கெடாம இருக்க நான் ஒண்ணும் காய் இல்லைங்க."

சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அங்கனதான் திறக்கிற ஜன்னல் இருக்கு. நாள் பூரா அவ அங்கனயே நிக்கிறது ஏன்னு இன்னைக்குத்தான் புரியுது. நான் சமையல் மேல அவ்வளவு பிரியம்னு நினைச்சிருந்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

விடியக்காலையே துரைராஜ் வீட்டுக்குப் போனேன். அவன் குடோன்ல இடம் தர்றானாம். "ஆனா தகரக் கூரைடா. பச்சை போச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது."

"போகட்டும்"னேன். எழுத மட்டும் ஈசியா இருக்கு.

மத்தியானத்துக்குள்ள எல்லா மூட்டையும் இறங்கிருச்சு. மூட்டை இருந்த இடத்துக்குப் பின்னால சுவர், ஆளுயரத்துக்குக் கறுப்பு. கையால தடவினேன், பிசுபிசுன்னு ஒட்டுது. பூஞ்சை. பெனி கட்டிலுக்குத் தலைமாட்டுலதான் அதிகம். இதைத்தான் மூச்சா இழுத்துக்கிட்டு ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிச்சிருக்கு.

ஜன்னல் ஒண்ணும் லேசில திறக்கலை. கொக்கி துருப்பிடிச்சு, கட்டை உப்பி. ஆசாரியைக் கூப்பிட்டு, சுத்தியல் போட்டு, சாயங்காலத்துக்குள்ள ஒன்பது. ஹால்ல மேற்கு வெயில் விழுந்துச்சு. எஸ்தர் அதுல வந்து நின்னா. கண்ணுக்குக் கீழ எவ்வளவு கறுப்பு. நரையும் எவ்வளவு. நான் இவளை லைட் வெளிச்சத்துலயே பார்த்துப் பழகிட்டேன். அழுகை வந்துச்சு, ஆசாரி இருந்ததால அடக்கிக்கிட்டேன்.

டிசம்பர் 20, சனி

முன் ஹால்ல ஜன்னலைத் திறந்து வச்சு பெனி ரெண்டு ராத்திரி படுத்தா. குளிருதுன்னு ரெண்டு போர்வை. இன்ஹேலர் எடுக்கலை. நேத்து மத்தியானம் அவ ரூம்ல புஸ்தகம் தேடப் போய் ஒரு மணி நேரம் இருந்துட்டா, திரும்பவும் இழுப்பு.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெள்ளையடிச்சு மறைச்சீகன்னா மறுபடியும் பூக்கும். பூச்சைக் கொத்தி எடுத்துட்டு செங்கலைக் காய விடணும். பங்குனி வெயில் பட்டாத்தான் ஆகும்."

கொத்தினாப் புழுதி. அந்தப் புழுதியில பெனியை வச்சுக்க முடியாது. எஸ்தரும் கோம்பையில அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிரட்டும்னேன். "கிறிஸ்துமஸ் முடிஞ்சு போறேன்"ங்கிறா. இன்னைக்குத் தைலம் எடுக்கலை.

துரைராஜ் குடோன் பக்கம் போகலை. போனா காயைத்தான் பார்ப்பேன்.

டிசம்பர் 22, திங்கள்

பனி, ஆனா ஜன்னல் திறந்திருக்கு. காலையில எனக்கு இருமல் வரலைன்னு சொல்ல மாட்டேன். கம்மி.

பெனி ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில வச்சா. தேனி ஹாஸ்டல் விண்ணப்ப ஃபாரம். அப்பா கையெழுத்து வேணுமாம். கொடுக்கக்கூடத் தயங்கித் தயங்கி நின்னா.

பேரு, ஊரு, வேலை எல்லாம் அவளே எழுதியிருக்கா. ஒரு இடம் மட்டும் பாக்கி. 'இதே மாவட்டத்தில் வீடு இருந்தால், விடுதியில் தங்கக் காரணம்.' அதைப் பெத்தவகதான் எழுதணுமாம்.

"பஸ் வசதி இல்லைன்னு போட்டுருங்கப்பா. எல்லாரும் அப்படித்தான் போடுவாகளாம்."

எனக்காகச் சொல்றா. அந்த ஹாஸ்டல்ல போடிக்காரப் பிள்ளைக யாராவது இருக்கும், வார்டனுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கும், அதை யோசிச்சுச் சொல்றா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நான் எழுதினேன். 'வீட்டில் காற்று இல்லை. தவறு என்னுடையது.' கையெழுத்துப் போட்டேன்.

வாசிச்சா. மூக்கை உறிஞ்சினா, இது இழுப்பு இல்லை. அப்புறம் கீழ விரலை வச்சுக் காட்டினா. "இன்னொண்ணு விட்டுட்டீகப்பா." எவ்வளவு காலம் தங்குவீர்னு ஒரு கட்டம்.

அதுல என்ன எழுத? எப்பக் காயும்னு சுவரைக் கேட்டாத்தான் தெரியும், இல்லைன்னா திரும்பி வருவியான்னு அவளைக் கேக்கணும். எனக்குக் கேக்கத் தைரியம் இல்லை. பேனாவை மேஜையில வச்சுட்டேன்.

அவ எடுத்து எழுதினா. மூன்று மாதம்.