கிம்ச்சி ஃப்ரிட்ஜில் மாறிப்போன கஷாயம்

மார்ச் 4, செவ்வாய்

இதில் எழுதப்போவதை தேகு நகரில் ஒரு ஜீவனும் நம்பாது என்று சகல மரியாதையுடன் உறுதி கூறுகிறேன்.

ஏப்ரலில் அக்கா மகள் ஹேரிமுக்குக் கல்யாணம். அவளுக்கு அப்பா இல்லை. கைப்பிடித்து மேடைக்கு அழைத்துப்போகும் மகா பதவி எனக்கு. அவள் இளைக்க ஒரு கஷாயம், எனக்குத் தெம்புக்கு ஒன்று. வைத்தியர் நோ அம்மாள் நாடி பார்த்து, காய்ச்சிப் பைகளில் அடைத்துக் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் கிம்ச்சி ஊறுகாய்க்கு இடமில்லையென்று, அக்கா பைகளை மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று அடுக்கி, பெயர் எழுதிய அட்டைப்பெட்டிகளை வீசிவிட்டாள். "எல்லாம் கருப்புத் தண்ணிதானேடா."

மார்ச் 9

தெம்பென்றால் இது தெம்பு! விடியுமுன் கூரை ஓடுகளைத் தேய்த்துக் கழுவினேன். பல்கோங் மலையைச் சற்றுத் தள்ளி வைக்கலாமா என்று யோசனை. இனி இரண்டிரண்டு பை.

மார்ச் 12

தூக்கம் போச்சு. பசி போச்சு. கை ஏன் இப்படி நடுங்குது?

மார்ச் 15

ஹேரிம் சோற்றுப் பானையைச் சுரண்டுகிறாள். கன்னம் ஆப்பிள். கல்யாணக் கவுன் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. என் நெஞ்சு அடிப்பதைக் கேட்டு, மேளம் வாசிப்பது யாரென்று எதிர்வீட்டார் விசாரித்தார்கள்.

மார்ச் 17

மயங்கி விழுந்தேன் - முள்ளங்கிக் கிம்ச்சியின் மேல். அக்கா என்னையும் காலிப் பைகளையும் வைத்தியரிடம் இழுத்துப்போனாள். அவர் முகர்ந்தார், பிரஷர் பார்த்தார், முகம் வெளுத்தார். இளைக்கிற கஷாயத்தில் மாஹ்வாங் என்றொரு தண்டு உண்டாம். பசியை அடக்கும், இதயத்தைக் குதிரையாக்கும்.

"அந்தப் பொண்ணுக்கே வாராவாரம் பாத்துத்தாங்க குடுக்கிறேன். பிரஷர் மாத்திரை போடுற நீங்க குடிச்சா கல்யாணத்துக்கு நடந்து வரமாட்டீங்க ஐயா. கருப்பு ரிப்பன் கட்டின போட்டோவாத்தான் வருவீங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது இதுவரை நடக்காத ஒன்று.

மார்ச் 19

வீடு வந்தேன். ஹேரிம் மிச்சப் பைகளை எல்லாம் வைத்தியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

"கவுனுக்கு ஒட்டுத் துணி வச்சுக்கலாம் மாமா. உங்களுக்கு எங்க போயி ஒட்டுப் போடுறது?"

ஏப்ரல் 12, சனி

நடந்தேன். கவுனில் இருபுறமும் புதுத் துணி. மணமகள் இளவரசி, நான் சக்கரவர்த்தி. மண்டபத்தில் ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள் (நூறு. சரி, அறுபது). கூரை, மலை, மேளம் எல்லாம் என் கைச்சரக்கு என்று இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் நிஜம். அவள் கையைப் பிடித்ததும் என் கை நடுங்கியது. கஷாயத்தை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது.