பன்றிப்பட்டியில் நின்ற ஊர்வலம்

நெப்ராஸ்கா
26 அக்டோபர் 1986, ஞாயிறு

அன்பு மகன் டுவேனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். கடற்படைக் கப்பலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். சோளம் பாதி அறுத்தாயிற்று, மீதி ஈரமாக நிற்கிறது. அப்பா இன்னும் டிராக்டரில் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் நான்தான் ஓட்டுகிறேன், இந்தக் கடிதமே அந்த டிராக்டரைப் பற்றியதுதான். ஊரிலிருந்து யாராவது உனக்கு முந்திக்கொண்டு எழுதியிருந்தால், உன் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதியிருப்பார்கள். நம்பாதே. நல்ல தெளிவோடு, முந்தின நாளே யோசித்து வைத்துத்தான் செய்தேன்.

உன் தங்கை ரோண்டா பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தலுக்கு நின்றாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, எதிர்த்து நின்றது கர்ட், வான்டா ஸ்ட்ரோமின் மகன். வான்டா பள்ளி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் அந்தப் பள்ளியில் ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. ரோண்டா கோடை முழுக்க பேச்சு எழுதி எழுதிக் கிழித்தாள், மாட்டுக்கொட்டகையில் நின்று மாடுகளிடம் பேசிப் பழகினாள். ஜெயிக்கவும் ஜெயித்தாள், அதுவும் நல்ல வித்தியாசத்தில். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாளே தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுத் தேர்தல் செல்லாது என்று சொல்லிவிட்டார். காரணம் என்ன தெரியுமா, ஓட்டுப் போட்ட அன்று காலை நான் சுட்டுக் கொடுத்த கசகசா கொலாச்சி ரொட்டியை அவள் வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தாளாம், அது லஞ்சமாம். புகார் கொடுத்தது வான்டா. ரோண்டாவின் பெயரை அடித்துவிட்டு, போட்டியே இல்லாமல் கர்ட்டைத் தலைவன் ஆக்கிவிட்டார்கள். வருஷா வருஷம் பேண்டு வாத்தியப் பிள்ளைகளின் சீருடைக்குப் பணம் சேர்க்க நான் தட்டுத் தட்டாகச் சுட்டுக் கொடுக்கும் அதே கொலாச்சி, மேஜைக்குப் பின்னால் நின்று விரலை நக்கிக்கொண்டே விற்றவள் இதே வான்டா. அப்போது அது சேவை, என் பெண் கொடுத்தால் லஞ்சம். சுவரில் ஒட்டியிருந்த தன் படங்களை ரோண்டாவே உரித்து எடுக்க வேண்டியிருந்தது, இடைவேளை நேரம், பள்ளிக்கூடமே வேடிக்கை பார்த்ததாம். அவள் அழவில்லை டுவேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்தாற்போல் பள்ளியின் ஹோம்கமிங் விழா வந்தது. பழைய மாணவர்கள் எல்லாம் வெளியூர்களிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள், கடைத்தெரு முழுக்கக் காகிதத் தோரணம். மாணவர் தலைவன் ஊர்வலத்தில் கிரீடத்தோடு வருவதும், மைதானத்தில் அதை ஹோம்கமிங் ராணிக்குச் சூட்டுவதும் உனக்குத் தெரிந்ததுதான். அந்தத் தலைவன் ஏறி வரும் டிரெய்லர் எப்போதும் நம்முடையது, இழுப்பது நம் டிராக்டர். இந்த வருஷமும் தருவாயா என்று வான்டா போனில் கேட்டாள், குரலில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. தாராளமாகத் தருகிறேன், நானே ஓட்டி வருகிறேன் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஊர்வலத்தில் நம்முடையதுதான் கடைசி வண்டி. கர்ட் கோட்டு போட்டுக்கொண்டு குழந்தைகளுக்கு மிட்டாய் எறிந்தபடி நின்றான். பெற்றவர்கள் ஏறும் வழக்கமே இல்லை, ஆனால் வான்டா வெள்ளைச் செருப்பும் தானுமாக ஏறிக்கொண்டாள், கிரீடப் பெட்டியை மகன் கை தவறி விட்டுவிடுவானாம். தானியக் கிடங்கு முனையில் மற்ற எல்லா வண்டிகளும் இடது பக்கம் மைதானத்துக்குத் திரும்பின. நான் வலது பக்கம் திரும்பினேன். முதலில் அவள் புரியாமல் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள், பிறகு என் பெயரைச் சொல்லிக் கத்தினாள், டிராக்டர் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளேன். நேரே நம் பன்றிப்பட்டிக்குள் ஓட்டி, மழைச் சேறு ஆழமாக நிற்கும் நடுப் பள்ளத்தில் நிறுத்தி, டிரெய்லரை மாட்டியிருந்த கொக்கியின் ஆணியை உருவிவிட்டு, டிராக்டரை மட்டும் வெளியே கொண்டுவந்து கேட்டைச் சாத்தினேன். தீனி வந்திருக்கிறது என்று நினைத்துப் பன்றிகள் எல்லாம் வந்து டிரெய்லரைச் சூழ்ந்துகொண்டன, மிட்டாய் வாசனை வேறு.

"அல்பினா, விளையாட்டு போதும். வண்டிய மாட்டு" என்றாள் வான்டா.

"என் பொண்ணு லஞ்சம் கொடுத்தாளா?"

"அது விதி. விதின்னா எல்லாருக்கும் விதிதானே."

"பன்னிப்பட்டிக்கும் ஒரு விதி இருக்கு வான்டா. வெளிய வர்றவங்க கேட்ட மூடிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு நான் காப்பி போட வீட்டுக்குள் போய்விட்டேன்.

கர்ட் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, அவன் அப்பாவுக்குப் போன் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பண்ணிவிட்டு அங்கேயே நின்றவன், "ரோண்டாதான் நியாயமா ஜெயிச்சா. எண்ணும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றான் தரையைப் பார்த்தபடி. அதை மைதானத்தில் போய் மைக்கைப் பிடித்துச் சொல் என்றேன், செருப்பைத் துடைக்கக் குனிந்துகொண்டான். வான்டா வெகுநேரம் வண்டியிலேயே நின்று பார்த்துவிட்டுக் கடைசியில் இறங்கினாள், ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன், முழுவதையும் பார்த்தேன், அவ்வளவு ருசியாக நான் காப்பி குடித்ததே இல்லை. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டார். மைதானத்தில் கிரீடம் வராமல் காத்துக் காத்துப் பார்த்து, பேண்டுக்காரர்களின் இறகு வைத்த தொப்பியை எடுத்து ராணியின் தலையில் வைத்தார்களாம்.

ஷெரிப் வந்து கண்டித்துவிட்டுப் போனார், போகும்போது அவருக்கும் சிரிப்புத்தான். ஆனால் பள்ளி நிர்வாகக் குழு சிரிக்கவில்லை, படிப்பு ஆண்டு முடியும் வரை நான் பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாதாம். கிறிஸ்துமஸ் கச்சேரியில் ரோண்டா கிளாரினெட் தனியாக வாசிக்கப்போகிறாள், நான் கேட்க முடியாது. அது போகட்டும். அவள் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "நான் தோத்தத ஊரு ரெண்டு வாரத்துல மறந்திருக்கும்மா. இனிமே பன்னின்னு சொன்னாலே என் ஞாபகம்தான் வரும்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள், தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டாள். நான் வருந்தினேனா என்று கேட்டால், அவளுக்காக வருந்தினேன், வான்டாவுக்காக இல்லை.

ஒன்று மட்டும் புரிந்தது மகனே. சேற்றில் நின்றவள் குளித்துவிட்டு மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து எனக்குத் தண்டனை எழுதினாள் பார், செருப்பு போனதில் அவளுக்கு என்ன நஷ்டம், நாற்காலி அல்லவா போக வேண்டும். வரும் மே மாதம் அவளுடைய இடத்துக்குத் தேர்தல். அவளை எதிர்த்து யாரும் நின்றதே இல்லை. நான் நிற்கப்போகிறேன், பெயர் கொடுத்துவிட்டேன். இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ரோண்டா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நேற்று காலை மாடு கறக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். பேச்சை அவள்தான் எழுதுவாளாம், எழுதினதை மாற்றாமல் படிக்க வேண்டுமாம், ஒரு வார்த்தை கூட நானாகச் சேர்க்கக் கூடாதாம், வான்டாவைத் திட்டவே கூடாதாம். கடைசி நிபந்தனைதான் கஷ்டமாக இருக்கிறது. சரி என்று சொல்லியிருக்கிறேன். இன்று மாட்டுக்கொட்டகையில் என்னை நிறுத்திப் படிக்கவைத்தாள், குனியாதே, வேகமாகப் படிக்காதே என்று ஒரே அதட்டல்.

குளிர் வந்துவிட்டது, கம்பளி பனியன் அனுப்பியிருக்கிறேன், அலட்சியம் பண்ணாமல் போட்டுக்கொள். கர்த்தர் உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் ரோண்டாவின் அன்பும். ஒன்றை மறந்துவிடாதே, உன் பெயர் இன்னும் நம் ஊர் வாக்காளர்களில்தான் இருக்கிறது, கப்பலில் இருப்பவர்கள் தபாலில் ஓட்டுப் போடலாமாம். அதிகாரியிடம் இப்போதே கேட்டு வை. அவளை ஒரே ஒரு ஓட்டில் தோற்கடிக்க நேர்ந்தால், அந்த ஓட்டு உன்னுடையதாக இருக்க வேண்டும்.

என்றும் உன் அம்மா,
அல்பினா கூச்செரா