நீலக் கட்டம் போட்ட சட்டை

போடி,
9.9.2025, செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு, சோலை எழுதுவது.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். நேற்று மாலை எஸ்டேட்டுக்குக் கீழே, ஓடைப் பாறை இடுக்கில் ஓர் உடலின் பாகங்கள் கிடைத்தன. ஸ்டேஷன் எஸ்.ஐ. போனில் சொன்னார். இன்று காலை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அப்பாதான் அம்மா.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். முழு உடல் இல்லை. இருப்பதை வைத்து ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். ஆனால் சட்டை இருந்தது. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. பையில் இருந்த கிழிசலை நீ கறுப்பு நூலால் தைத்திருந்தாய். அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தேன். அடையாளம் காட்டியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மலை சரிந்து காய் உலர்த்தும் ஸ்டோரை இழுத்துக்கொண்டு போன நாளிலிருந்து, "அவர் மேலே கிடக்கும்போது நான் மட்டும் எப்படிக் கீழே வர்றது" என்று சொல்லி எஸ்டேட் லயத்து வீட்டிலேயே இருக்கிறாய். போன் டவரும் சரிந்ததில் உன் குரலும் கேட்க வழியில்லை. திருப்பதி சித்தப்பா ஜீப்பில் கொண்டுபோகும் காகிதம் ஒன்றுதான் நமக்கு. இனி நீ வரலாம். சனிக்கிழமை காலை ஒப்படைக்கிறார்கள். சிலமலையில் தாத்தாவின் சமாதிக்குப் பக்கத்தில் இடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால ஜீப்பில் வந்துவிடு.

அப்பாவோடு ஸ்டோருக்குள் இருந்த பொற்கொடி சித்தியைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. சித்தி மகள் பவித்ரா வேலை பார்க்கும் ஜவுளிக்கடை வாசல் வரை போனேன். உள்ளே போகத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன்.

உன் மகன்,
சோலை

எஸ்டேட் லயம்,
புதன்கிழமை

என் ராசா சோலைக்கு, அம்மா எழுதிக்கொண்டது.

நான் நல்லா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு. உன் கடுதாசியைத் திருப்பதி கையிலிருந்து வாங்கி, நின்ன இடத்துலயே படிச்சேன். பேப்பருக்குச் சேதி எழுதுற மாதிரியே எனக்கும் எழுதியிருக்கே. அதனால நானும் நடந்ததை அப்படியே சொல்றேன்.

சட்டை உங்கப்பா சட்டைதான். தச்சதும் நான்தான். ஆனா அன்னைக்கு அதைப் போட்டிருந்தது பொற்கொடி.

அவ சட்டை முந்தின நாள் மழையில நனைஞ்சது காயவே இல்லை. சேலை மேல ஒரு ஆம்பளைச் சட்டை இல்லாம இங்க எந்தப் பொம்பளை ஏலக்காட்டுக்குள்ள காலை வைப்பா? அட்டை உசுரை எடுத்துரும். அவ புருசன் போய் வருசமாச்சு, அவன் சட்டையெல்லாம் நைஞ்சு போச்சு. அதான் உங்கப்பாவோடதை எடுத்து நான் மாட்டிவிட்டேன். குளிர்ல அவளுக்கு விரல் மடங்கலை. பொத்தானும் நான்தான் போட்டேன்.

உங்கப்பா வாசல்ல நின்னுக்கிட்டு, "என் சட்டையப் போட்டுக்கிட்டு எனக்கே கங்காணி வேலை பாக்காத பொற்கொடி"ன்னாரு. அவ, "சட்டை மட்டுமா மாமா, அந்த மீசையவும் கழட்டிக் குடுங்க, இன்னைக்கு நானே எல்லாரையும் மேய்க்கிறேன்"னா. சிரிச்சுக்கிட்டேதான் ரெண்டு பேரும் ஸ்டோர் அடுப்பை அணைக்கப் போனாங்க. அவரு போட்டிருந்தது பழுப்பு ஸ்வெட்டர். பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

அது பொற்கொடிப்பா. அவளை உங்கப்பான்னு சொல்லி நாம அடக்கம் பண்ணக் கூடாது. பவித்ராகிட்டப் போய்ச் சொல்லு. வெரசா சொல்லு.

அம்மா

போடி,
11.9.2025, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எழுதியதை மூன்று பேரிடம் சொன்னேன். மூவரும் சொன்னதை எழுதுகிறேன்.

எஸ்.ஐ., "அம்மாவுக்கு மனசு ஒத்துக்கலை, போகப் போகச் சரியாகும்" என்றார். கையெழுத்துப் போட்டது போட்டதுதானாம்.

முத்துப்பாண்டி பெரியப்பா சத்தம் போட்டார். "ஒங்காத்தாவுக்குத் தாலியக் கழட்ட மனசில்ல. அதுக்கு ஒரு கதையக் கட்டுறா. படிச்ச பய நீயும் அதத் தூக்கிக்கிட்டு வர்ற பாரு."

பவித்ரா கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று கேட்டாள். அழவில்லை. "அண்ணே, எங்கம்மா மேல ஒங்கப்பா சட்டை இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா இந்த ஊரு என்ன பேசும்? புருசன் இல்லாதவ வேற. செத்தவள இன்னொரு தடவ கொல்லணுமா? அது ஒங்கப்பாவாவே இருந்துட்டுப் போகட்டும். கொண்டு போங்கண்ணே" என்றாள்.

அம்மா, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இதையும் விட்டுவிட்டால் அடக்கம் செய்ய நம்மிடம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய் நின்று ஒரு சூடம் கொளுத்த இடம் வேண்டாமா? அப்பா எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று உன் சாமி உனக்குச் சொல்லியிருந்தால், அந்த நம்பிக்கையைக் கைவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நாளைச் சாயங்காலம் வா.

சோலை

எஸ்டேட் லயம்,
வெள்ளிக்கிழமை

அப்பு சோலைக்கு,

நான் வரலை. ஜீப்பை நிக்கச் சொல்லிட்டுத்தான் இதை எழுதுறேன். "மதினி, போடிமெட்டுல பனி எறங்குது, நேரமாச்சு"ன்னு திருப்பதி ஹாரனை அடிக்கிறான். உள்ள உக்காந்திருக்கிற பொம்பளைங்க, "அடிச்சா எறங்கி நடந்துருவோம், சும்மா இருய்யா"ன்னு அவனை அடக்கி வச்சிருக்காங்க.

உங்கப்பா உசுரோட இருக்காருன்னு நான் எப்பச் சொன்னேன்? அது அவரு இல்லைன்னுதான் சொன்னேன்.

தாலியை நான் அப்பவே கழட்டிட்டேன். மண்ணு சரிஞ்ச மறுநாக் காலையில. முதக் காய் பறிச்சதும் ஒரு கைப்பிடி வச்சுட்டு வேலைய ஆரம்பிப்போமே, அந்த மாரியம்மன் கல்லுக்கு முன்னால போய் நின்னு நானே கழட்டி வச்சேன். கூட யாரும் இல்லை. எல்லாரும் மண்ணைத் தோண்டிக்கிட்டு இருந்தாங்க, நான் யாரையும் கூப்பிடலை. பெரியப்பாகிட்டச் சொல்லிரு.

அந்த ஆத்தா என் புருசனைக் காப்பாத்தலை. கோவம் இருக்கு. இன்னைக்கும் அவகிட்டச் சண்டை போட்டுட்டுத்தான் காய் வச்சேன். "அவரத்தான் குடுக்கல, பொய் சொல்லாம நிக்கிற தெம்பையாவது குடு"ன்னு கேட்டேன். அதைக் குடுத்திருக்கா. அதையும் வேண்டாம்னு சொல்லவா?

எனக்கு மட்டும் ஆசை இல்லையா சோலை? வாயை மூடிக்கிட்டு இருந்தா நாளைக்கு அவருன்னு நெனச்சு ஒரு கை மண்ணு போடலாம். நேத்துப் பூராவும் அதையேதான் நெனச்சேன். காய் எடுக்கையில நெனச்சேன், கஞ்சி குடிக்கையில நெனச்சேன். ஆனா அந்தப் புள்ள பவித்ரா, தன்னைப் பெத்தவ எங்கன்னு தெரியாமலே காலம் பூராம் கெடக்கும். அவ ஆத்தா மேல உங்கப்பா பேரை எழுதி வச்சுட்டு நான் எப்படி அவ மூஞ்சியில முழிப்பேன்?

பவித்ராகிட்ட இதைப் படிச்சுக் காட்டு. பொத்தான் போட்டுவிட்டது சந்திரவல்லி. எவனாவது தப்பாப் பேசுனா, இந்த எஸ்டேட்டுப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரையும் புருசன் சட்டை, கொழுந்தன் சட்டை, பக்கத்து வீட்டுக்காரன் சட்டையோட போடி பஜார்ல எறக்குறேன். எது யாரு சட்டைன்னு அவனே வந்து பிரிச்சுக் குடுக்கட்டும்.

அம்மா,
சந்திரவல்லி

போடி,
15.9.2025, திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, சோலை எழுதுவது.

உறுதியானது இது. சனிக்கிழமை ஒப்படைப்பு நடக்கவில்லை. நான் காட்டிய அடையாளம் தவறு என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு டிஎன்ஏ பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். இன்று காலை என்னிடமும் பவித்ராவிடமும் ரத்தம் எடுத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போட்டுக்கொண்டாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது வெள்ளிக்கிழமையே. பஜாரில் இறக்குகிறேன் என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாகிவிட்டது. மலை சரிந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். முதலாளி நாகூர் கனி பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டு வெளியே நின்றார். "பெரியம்மா யாருமே இல்லாமலா தாலியக் கழட்டுச்சு?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

பெரியப்பாவிடமும் சொன்னேன். "பாதகத்தி, ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீ அந்தக் கல்லின் முன்னால் தனியாக நின்ற காலையில் நான் போடிமெட்டில் இருந்தேன். ரோடு அடைத்துக் கிடந்தது. எத்தனை பேர், எந்த ஊர் என்று மற்ற பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருபது வருஷமாகச் செய்தி எழுதுகிறேன். விசாரித்து எழுதுகிறவன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். சாமி கும்பிடுகிறவள், சொன்னதை நம்புகிறவள் என்று உன்னைப் பற்றி நினைத்திருந்தேன். எனக்கு அப்பா கிடைத்துவிட வேண்டும் என்றிருந்தது. ஒரு தையலைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். உனக்கு அவர் என்னைவிடக் கூடுதலாக வேண்டியிருந்தது. கையில் கொண்டுவந்து கொடுத்தும் நீ வாங்கிக்கொள்ளவில்லை. உன் சாமியைக் கும்பிட எனக்கு இன்னும் வரவில்லை அம்மா. உன்னைக் கும்பிடத் தோன்றுகிறது.

நாளைக் காலை ஜீப்பில் மேலே வருகிறேன். பவித்ராவும் வருகிறேன் என்கிறாள். உன்னைக் கீழே கூப்பிட வரவில்லை. லயத்தில் இடம் இருந்தால் போதும்.

தெரியவேண்டியவை இரண்டு. பரிசோதனை முடிவு முப்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சித்தி என்று வந்தால் பவித்ராவே காரியம் செய்வாள், நாம் கூட நிற்போம். இன்னொன்று, அப்பாவைத் தேடும் வேலையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். மழை விட்டதும் பார்ப்பதாகச் சொன்னார்கள். தேதி கேட்டேன். தரவில்லை.

உன் மகன்,
சோலை