சிங்கிள் ஒரிஜினல் மிளகு

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்ட என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க மாட்டேன். கோபமாக இருக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உங்களுக்கு முதல் திவசம். நம் வீட்டு வழக்கம் தெரியுமே, திவசச் சமையலில் மிளகாய் வத்தல் ஆகாது. குழம்பு, பொரியல், துவையல் எல்லாவற்றுக்கும் மிளகுதான். ஆனால் நீங்கள் போனதிலிருந்து இந்த அடுப்படியில் ஒரு மிளகு விழவில்லை. ரசத்துக்குக்கூட வத்தலைத்தான் கிள்ளிப் போடுகிறேன்.

போலீஸ் வேலையில் ரிட்டயர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நீங்கள் மிளகில் போய் விழுந்தீர்கள். செங்கோட்டைக்கு மேலே ஏதோ ஒரு தோட்டம், அங்கே விளைந்தது மட்டும்தான் வேண்டும். "சிங்கிள் ஆரிஜின்னு சொல்லுங்கப்பா" என்று நம் மகள் வள்ளி எத்தனை தடவை திருத்தினாலும் உங்கள் வாயில் அது "சிங்கிள் ஒரிஜினல்"தான். "ஒண்ணே ஒண்ணுதான் ஒரிஜினல் அண்ணாச்சி, மத்ததெல்லாம் டூப்ளிகேட்" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னீர்கள். வறுக்கும்போது, "ஏட்டி, மோந்து பாரு, நார்த்தங்காய் வாசம் வருதா?" என்பீர்கள். வரத்தான் செய்தது. ஒன்றிரண்டாகத் தட்டி, அடுப்பை அணைத்த பிறகுதான் தூவணும் என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள். முப்பது வருஷம் பொங்கிப் போட்டவளுக்கு!

அதெல்லாம் போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை எப்படி மன்னிப்பேன்? ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தீர்கள். சாரல் விழுகிற நாளில் சட்டையெல்லாம் வேர்வை. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க" என்றேன். "சும்மா கெட. எதுக்குப் பயப்படுத? வாய்வு பிடிச்சிருக்கு. நம்ம மிளகைத் தட்டிக் கஷாயம் போட்டுக் கொண்டா, பறந்துரும்" என்றீர்கள். இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். நீங்கள் கஷாயம் குடித்தீர்கள். இரண்டாவது டம்ளர் பாதியில் நின்றுவிட்டது.

ஊரையே அதட்டிய மனுஷனுக்கு ஒரு டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்ற அவ்வளவு பயமா? சொல்லுங்கள், பயம்தானே?

அந்த மிளகைத் தட்டிக் கஷாயம் கொடுத்தது என் கைதான். அதை வள்ளியிடம் சொல்ல எனக்கும் பயம். அப்பா திடீரென்று போய்விட்டார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை அவள் சென்னையிலிருந்து வந்தாள். பையில் அதே தோட்டத்து டப்பா. "அப்பா திவசத்துக்கு அப்பா மிளகுதாம்மா" என்றாள். எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். மிளகு நாலாபக்கமும் சிதறியது. கஷாயம் கொடுத்ததை அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னேன்.

என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "எனக்கும் ரெண்டு மாசமா நெஞ்சுல ஒரு மாதிரி பிடிக்குதும்மா. கேஸுன்னு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். அப்படியே உங்கள் புத்தி!

கட்டியிருந்த சேலையோடு அவளை இழுத்துக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவைப் பிடித்தேன். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லையாம், பிரஷர்தானாம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன், எல்லோரும் பார்க்கும்படி.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாக முற்றத்து மிளகைப் பொறுக்கினோம். வியாழக்கிழமை உங்களுக்கு மிளகுக் குழம்பு வைப்பேன். நீங்கள் சொன்னபடியே, அடுப்பை அணைத்த பிறகு தூவுவேன். ஆனால் இந்த வீட்டில் யாராவது நெஞ்சு என்று வாயைத் திறந்தால் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன், ஆட்டோவைத்தான் கூப்பிடுவேன். இது சத்தியம். ஒண்ணே ஒண்ணுதான் ஒரிஜினல் என்றீர்களே, அதைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் பெண்டாட்டி